ஆய்வேட்டில் இல்லாத ஐந்து பக்கங்கள்

திருத்தணியில் எங்கள் வாசகர் வட்டம் கூடுவது பெரும்பாலும் நாவல்களையும் சிறுகதைத் தொகுப்புகளையும் பற்றிப் பேசத்தான். சென்ற கூட்டத்தில் அந்த வழக்கத்தைச் சற்று மீறினோம். முனைவர் பட்டத்துக்காகக் கடல் நுண்ணுயிர்ச் சமூகங்களை ஆய்ந்துவரும் உள்ளூர்ப் பெண் ஒருவரை அழைத்துப் பேசச் சொன்னோம். மலையடிவாரத்தில் தேங்காய், பூ, பழம் விற்கும் கடை வைத்திருப்பவரின் மகள் அவர். கடற்கரையே இல்லாத ஊரிலிருந்து கப்பலேறிப் போய், வங்கக் கடலின் நடுவிலிருந்து நீர் எடுத்து வந்தவர் என்பதே எங்களுக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

அவர் நன்றாகவே பேசினார். ஆனால் பத்து நிமிடங்களுக்குள் பேச்சு முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. திரையில் வந்த படங்களிலும் ஆங்கிலமே. கடைசி வரிசையில், கடையைப் பூட்டிவிட்டு வந்து அமர்ந்திருந்த அவருடைய தந்தை, கேள்வி நேரத்தில் எழுந்து தயக்கத்தோடு கேட்டார்: "பாப்பா, நாலு வருஷமா அந்தக் கடல் தண்ணியில என்னதாம்மா பாக்குற? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்." மகள் இரண்டு வாக்கியம் தொடங்கினார். இரண்டும் முடியவில்லை. "அப்பா, அது தமிழ்ல சொல்ல எனக்கு வரலப்பா" என்றார். தந்தை சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். மகளின் முகத்தில்தான் சிரிப்பில்லை.

அந்தப் பெண்ணை நாங்கள் குறை சொல்லவில்லை. நான்காண்டு உழைப்பைத் தன் தகப்பனாருக்குச் சொல்ல மொழியில்லாமல் ஒருவர் நிற்பாரானால், குறை அவருடையதாக இருக்க முடியாது. அப்படியானால் யாருடையது என்பதே எங்கள் கேள்வி. அதற்குமுன், அவர் சொல்ல முயன்றது என்ன என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். கூட்டம் முடிந்த பின்பு அவரோடு நெடுநேரம் அமர்ந்து கேட்டறிந்ததையும், அதன் பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

கடல்நீரை ஒரு தேக்கரண்டி அளவு எடுத்துக்கொண்டால், கண்ணுக்கு அது வெறும் நீர். ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றைப் போலப் பத்து மடங்கு எண்ணிக்கையில் வைரஸ்கள் இருக்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க இயலாது. நூறில் ஒன்றுகூட வளர்வதில்லை. ஆகவே நெடுங்காலம் அறிவியலாளர்கள் கண்டது, வளர்க்க முடிந்த அந்தச் சிறுபான்மையை மட்டுமே. நீரை நேரடியாக வடிகட்டி, வடிதாளில் தங்கிய உயிர்களின் மரபுப்பொருளைப் படித்து, யார் யார் அங்கே வாழ்கிறார்கள் என்று அறியும் முறை வந்த பிறகே கடலின் உண்மையான குடிமக்கள் கணக்கு நமக்குக் கிடைக்கத் தொடங்கியது.

நம் மாணவியின் வேலையும் அதுதான். குறிப்பிட்ட ஆழத்தில் தாமாக மூடிக்கொள்ளும் குடுவைகளைக் கப்பலிலிருந்து கம்பியில் இறக்குகிறார்கள். மேலே வந்த நீரை, ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அகலமே கொண்ட துளைகளையுடைய வடிதாளில் வடிக்கிறார்கள். வடிதாளை உறைய வைத்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் ஆய்வுக்கூடமும் கணினியும். எந்த ஆழத்தில் எந்த நுண்ணுயிர், எவ்வளவு, அது என்ன தொழில் செய்கிறது, யாருடைய கழிவை யார் உண்கிறார் என்று ஒரு சமூகத்தின் வரைபடம் மெல்ல எழுகிறது. "சமூகம்" என்ற சொல்லை அவர்கள் அலங்காரத்துக்காகப் பயன்படுத்தவில்லை. தனித்து நின்று எதையும் சாதிக்காத உயிர்கள் கூடி வாழ்ந்து ஒரு கடலின் வேதியியலையே தீர்மானிக்கின்றன என்பதுதான் அச்சொல்லின் பொருள்.

இத்துறையின் வயதை உணர ஓர் ஒப்பீடு உதவும். பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் 1954-க்கும் 1968-க்கும் இடையில் வந்தன. தமிழில் அறிவைத் திரட்டிவைக்க நடந்த மாபெரும் முயற்சி அது. அதன் கடைசித் தொகுதி வந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1988-இல்தான், புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிரைப் பற்றிய முதல் கட்டுரையை சாலி சிஸ்ஹோமும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் நாமறிந்தவற்றுள் மிகச் சிறியது அது. உலகின் மொத்த ஒளிச்சேர்க்கையில் சுமார் 5 விழுக்காடு அதன் பங்கு என்று மதிப்பிடுகிறார்கள். தன் உணவில் இவ்வளவு பெரிய பங்குள்ள உயிர் இருப்பதையே இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை மனிதகுலம் அறியாமலிருந்தது. கலைக்களஞ்சியத்தில் அது இல்லாதது அதன் ஆசிரியர்களின் பிழை அன்று. அதன்பின் இத்தனை ஆண்டுகளாக நம் இலக்கிய இதழ்களிலும் அதற்கு இடமில்லாதது நம் பிழை.

இனி வங்கக் கடலுக்கு வருவோம். இங்கே ஏறத்தாழ 100 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் மிக மிகக் குறைந்த ஒரு நீரடுக்கு இருக்கிறது. இத்தகைய அடுக்குகள் அரபிக் கடலிலும், பசிபிக்கில் மெக்சிகோவை ஒட்டியும், பெரு, சிலி நாடுகளை ஒட்டியும் உள்ளன. ஆக்சிஜன் அற்றுப்போன அவ்விடங்களில் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அதன் விளைவாக, கடல் தாவர நுண்ணுயிர்களுக்கு உரமாக இருக்க வேண்டிய நைட்ரஜன், வாயுவாக மாறிக் கடலைவிட்டு வெளியேறிவிடுகிறது. இடையில், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பம் சேர்க்கும் நைட்ரஸ் ஆக்சைடும் பிறக்கிறது. ஆனால் வங்கக் கடலில் மட்டும், வழக்கமான கருவிகளில் ஆக்சிஜன் இல்லையென்றே காட்டும் நிலையிலும், இந்த இழப்பு குறிப்பிடத்தக்க அளவில் தென்படவில்லை. இது நெடுங்காலப் புதிர்.

2017-இல் லாரா பிரிஸ்டோ, டொனால்ட் கேன்ஃபீல்ட் முதலியோர், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாருடன் சேர்ந்து, நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் இதற்கு ஒரு விடையை முன்வைத்தார்கள். மிக நுண்ணிய கருவிகளைக் கொண்டு அளந்தபோது அங்கே ஆக்சிஜன் முற்றிலும் அற்றுப்போகவில்லை என்று தெரிந்தது. மேற்பரப்பு நீரில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ மிஞ்சியிருந்தது. நைட்ரஜனை வெளியேற்றக்கூடிய நுண்ணுயிர்களும் அங்கே இருந்தன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய நைட்ரைட் கிடைக்கவில்லை. எஞ்சியிருந்த அந்தத் துளி ஆக்சிஜனைப் பயன்படுத்தி வேறொரு கூட்டம் நைட்ரைட்டை எடுத்துக்கொண்டுவிடுகிறது. பந்திக்கு முந்தியவர்கள் சோற்றை முடித்துவிட, பிந்தியவர்கள் இலை முன் காத்திருப்பது போன்ற நிலை. அந்தக் கடைசித் துளி ஆக்சிஜனும் போய்விட்டால் பிந்தியவர்களுக்கு வழி திறந்துவிடும். வங்கக் கடலும் அரபிக் கடலைப் போல நைட்ரஜனை இழக்கும் கடலாக மாறக்கூடும். ஒரு விளிம்பில் நிற்கும் கடல் நம்முடையது.

விளிம்பிலிருந்து அதைத் தள்ளக்கூடியவை எவை? நிலத்திலிருந்து வரும் உரமும் கழிவும் மேற்பரப்பில் பாசிப் பெருக்கத்தைத் தூண்டுகின்றன. அது மடிந்து மூழ்கும்போது அழுகுவதற்கு ஆக்சிஜன் செலவாகிறது. கடல்நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. இவை தொலைதூர விவகாரங்கள் அல்ல. திருத்தணியின் நந்தி ஆறு கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. கொசஸ்தலையாறு எண்ணூரில் வங்கக் கடலில் கலக்கிறது. நம் வயலில் மிகுந்த யூரியாவும் நம் தெருச் சாக்கடையும் சென்று சேரும் இடம் அதுதான். கங்கையும் கோதாவரியும் கொண்டுசெல்வதோடு ஒப்பிட்டால் நம் பங்கு மிகச் சிறியதுதான். ஆனாலும் பங்கு பங்குதானே. கடலே இல்லாத ஊர் என்று முதலில் எழுதினோம். அதை இப்போது திருத்திக்கொள்கிறோம்.

மாணவி ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இதில் எந்தப் பகுதி தேங்காய்க் கடைக்காரருக்குப் புரியாது? நைட்ரைட் என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் உண்பது, சுவாசிப்பது, போட்டியிடுவது, மூழ்குவது ஆகிய வினைகள். இவற்றுக்குத் தமிழில் பஞ்சமில்லை.

இது வெறும் மொழிப்பற்று விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு நிகழ்வை நினைவூட்ட விரும்புகிறோம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. பலரும் படமெடுக்கச் சென்றார்கள். அடுத்த சில வாரங்களில் மன்னார் வளைகுடாவில் மண்டபத்தை ஒட்டிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்துக் கரையொதுங்கின. இரண்டிலும் பேசப்பட்ட பெயர் நாக்டிலூகா என்ற ஓரணு உயிர். மன்னார் வளைகுடாவில் அதன் பெருக்கத்தால் நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிப் பவளப் பாறைகள் மடிந்ததை, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஆய்ந்து 2020-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில், தமிழர்கள், தமிழ்நாட்டுக் கடலைப் பற்றிச் செய்த முதல்தரமான வேலை அது. ஆங்கிலத்தில் உலகமே அதைப் படிக்கலாம். மண்டபத்து மீனவர் படிக்க முடியாது.

ஆனால் அந்த மீனவருக்கு அப்பாசிப் பெருக்கம் புதிதன்று. இராமநாதபுரக் கரையில் அதற்குப் 'பூங்கோரை' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்கிறதென்றால் அனுபவம் இருக்கிறது என்று பொருள். எந்தக் காற்றில் வரும், எந்த மாதம் வரும், வந்தால் எந்த மீன் விலகும் என்ற அறிவு அப்பெயருக்குப் பின்னால் இருந்தே தீரும். மரபுப்பொருளைப் படிக்கும் ஆய்வாளரிடம் இல்லாதது அந்தப் பல தலைமுறை நினைவு. மீனவரிடம் இல்லாதது ஆய்வாளரின் நுண்ணோக்கி. இரண்டும் சந்திக்க ஒரு பொதுமொழி வேண்டும். அது நைட்ரைட்டைப் பற்றி மீனவர் ஆங்கிலத்தில் படிப்பதாக இருக்க முடியாது.

இந்த இடைவெளியை உண்டாக்கியவர்கள் ஆய்வாளர்கள் மட்டுமல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தில், 1960களிலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இயங்கிவருகிறது. ஆர்.வி. சேஷையா அதற்கு அடித்தளமிட்டவர். பல தலைமுறை மாணவர்கள் அங்கே கழிமுகத்தையும் அலையாத்திக் காடுகளையும், அவற்றின் நுண்ணுயிர்களையும் ஆய்ந்து பட்டம் பெற்றிருக்கிறார்கள். நெய்தல் திணையைப் பற்றி மேடைதோறும் பேசும் நம் இலக்கியச் சூழலிலிருந்து எத்தனை பேர் அங்கே போய் "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டோம்? எங்கள் வட்டத்தில் கேட்டுப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. நெய்தல் நமக்கு ஒரு பாடத்திட்டத் தலைப்பாக இருக்கிறது. உயிருள்ள கடல் வேறொரு துறையின் சொத்தாகிவிட்டது.

இதற்கு என்ன செய்யலாம்? ஆய்வேடுகளைத் தமிழில் எழுத வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. அறிவியல் இன்று ஆங்கிலத்தில் நடக்கிறது. டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் உள்ளவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டியவர்களின் கால்களைக் கட்டிப்போடுவது எங்கள் நோக்கமன்று. நாங்கள் கேட்பது ஐந்து பக்கங்கள். ஒவ்வோர் அறிவியல் ஆய்வேட்டின் இறுதியிலும், அத்துறை அறியாத ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி, ஆய்வாளரே தமிழில் எழுதிய ஐந்து பக்கங்கள். என்ன தேடினேன், எப்படித் தேடினேன், என்ன கண்டேன், இன்னும் தெரியாதது என்ன, அதனால் யாருக்கு என்ன ஆகும். இவ்வளவு போதும்.

இது நாங்கள் கண்டுபிடித்த விசித்திரம் அன்று. நெதர்லாந்தில் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஆயினும் டச்சு மொழியில் ஒரு சுருக்கம் சேர்ப்பது அங்கே வழக்கம். ஸ்வீடனில் பொதுவாசகருக்கான அறிவியல் சுருக்கத்தைப் பல ஆய்வேடுகளில் காணலாம். ஸ்வீடிஷ் பேசுவோர் சுமார் ஒரு கோடிப் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ ஏழு கோடி. ஒரு கோடிப் பேருக்கு முடிவது ஏழு கோடிப் பேருக்கு ஏன் முடியவில்லை? ஆய்வேடுகளின் மின்படிகளைச் சமர்ப்பிக்கச் சொல்லி 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது. ஷோத்கங்கா என்ற பொதுக் களஞ்சியத்தில் அவை சேர்கின்றன. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே இருப்பதைப் படிக்கத்தான் நம்மவர்க்கு மொழியில்லை.

மறுப்புகள் சில எழும். கலைச்சொற்கள் இல்லை என்பார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியமே தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. சொற்களைத் தேடுவோர்க்குக் கிடைக்கும். கிடைக்காத இடத்தில் நைட்ரைட்டை நைட்ரைட் என்றே எழுதலாம். பேருந்தையும் பஸ்ஸையும் ஒருங்கே சுமக்கும் மொழி இதையும் சுமக்கும். எளிமைப்படுத்தினால் அறிவியல் பிழைபடும் என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை உண்டு. அரபிக் கடலில் பச்சை நாக்டிலூகா பெருகுவதற்கு ஆக்சிஜன் குறைவே காரணம் என்று 2014-இல் ஹெல்கா கோம்ஸ், ஜோகிம் கோஸ் முதலியோர் எழுதினார்கள். ஆக்சிஜன் குறையாத நீரிலும் அது பெருகுகிறது என்று 2018-இல் இந்திய அறிவியலாளர்கள் மறுத்தெழுதினார்கள். செய்தித்தாளின் தலைப்பு இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆய்வாளரே எழுதும் ஐந்து பக்கம் இரண்டையும் சொல்லும். ஆகவே இம்மறுப்பு, எழுதக்கூடாது என்பதற்கன்று, ஆய்வாளரே எழுதவேண்டும் என்பதற்கே சான்றாகிறது.

மாணவி சொன்ன மறுப்புதான் எங்களை யோசிக்க வைத்தது. "ஐயா, எழுதினால் யார் போடுவார்கள்? எனக்கு அதனால் ஒரு மதிப்பெண்கூட வராது" என்றார். அவர் தமிழில் ஒரு கட்டுரை எழுத விரும்பியதாகவும், 'நேரத்தை வீணாக்காதே' என்று அறிவுறுத்தப்பட்டதாகவும் கூறினார். சொன்னவர் யார் என்று அவர் கூறவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்படிச் சொல்பவர் எங்கும் இருக்கிறார். அவர் கெட்டவரும் அல்லர். ஆங்கிலக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் மட்டுமே மனிதரை அளக்கும் ஏற்பாட்டில், தமிழ்ப் பக்கம் உண்மையிலேயே வீண் நேரம்தான். எனவே ஐந்து பக்கத்தை விருப்பத்துக்கு விடாமல் ஆய்வேட்டின் ஓர் உறுப்பாக்க வேண்டும் என்கிறோம். அதைப் பல்கலைக்கழகங்கள் செய்யலாம். அவை செய்யும்வரை 'யார் போடுவார்கள்' என்ற முதல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இலக்கிய இதழ்க்காரர்கள். பெ.நா. அப்புசுவாமி போன்றோர் அறிவியலைத் தமிழில் எழுதியபோது அதை வாசிக்கும் இதழ்களும் வாசகர்களும் இருந்தார்கள். இன்று ஒரு சிற்றிதழுக்குக் கவிதை அனுப்ப நூறு பேர் இருக்கிறார்கள். கடலின் மூச்சைப் பற்றி எழுதுங்கள் என்று யாரையும் நாம் அழைப்பதில்லை.

இதைத் திருத்தணியிலிருந்து சொல்வதற்கு எங்களுக்கு ஒரு கூடுதல் உரிமை உண்டென்று நினைக்கிறோம். இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதன் பின்னால் ம.பொ.சி.யின் போராட்டமும், அதற்கும் முன்பாக வட எல்லை ஊர்களில் தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரின் உழைப்பும் இருந்தன. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. எந்த மொழியோடும் எங்களுக்குப் பகையில்லை. ஆனால் தன் மொழியில் கல்வி வேண்டும் என்று கேட்டு வந்த ஓர் ஊரில், இரண்டு தலைமுறைக்குப் பின்னும், ஒரு மகள் தன் கல்வியைத் தகப்பனிடம் சொல்ல முடியாமல் நின்றார் என்பதை எங்களால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 1888-இல் இவ்வூரில் பிறந்த இராதாகிருஷ்ணன் இந்தியத் தத்துவத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைத்து ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தார். இங்குள்ளதை அங்கே கொண்டுசேர்த்த பணி அது. அங்குள்ளதையும் அம்மொழியில் நாமே எழுதியதையும் இங்கே கொண்டுவரும் பணி அப்படியே கிடக்கிறது.

எங்கள் அளவில் ஒரு முடிவெடுத்தோம். அந்த மாணவி தன் ஐந்து பக்கங்களை எழுதுவார். எங்கள் வட்டத்தில் உள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மொழியைப் பார்ப்பார். பொருளில் அவர் கைவைக்க மாட்டார். அடுத்த கூட்டத்தில் அது வாசிக்கப்படும். வேறு துறைகளில் ஆய்வு முடித்தவர்கள், முடித்துக்கொண்டிருப்பவர்கள் யாராயினும் இதேபோல் எழுதினால் அவற்றையும் வாசிக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

முதல் பத்தியை அவர் எழுதிவிட்டார். கடையில் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்துக் காட்டினாராம். "நைட்ரைட்டுன்னா என்ன?" என்று மட்டும் அவர் கேட்டாராம். அதை இரண்டாம் பத்தியில் எழுதிக்கொண்டிருப்பதாக எங்களிடம் சொன்னார்.